வாலையும் எடுத்துகினு போ

கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாப்பில் இறங்கி, தையல்நாயகி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் சொல்ல மாட்டார்கள். வாத்தம்மா வீடு எது என்று கேளுங்கள், ஷேர் ஆட்டோக்காரர் வண்டியை விட்டு இறங்கி வந்து கை காட்டுவார். காட்டிவிட்டுச் சும்மாவும் போக மாட்டார். மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "போ, போ, போறப்போ வாலையும் எடுத்துகினு போ" என்று ஒரு முறை சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போவார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். தையல்நாயகி பிழைத்தது வாயால்தான். அதே வாயால்தான் கெட்டாள் என்பது அவளுடைய சொந்தக் கணக்கு. அதை அவள் ஆட்டோக்காரரிடமெல்லாம் சொல்வதில்லை.

அது ஒரு பழைய வெளிநாட்டு கார்ட்டூன். ஒவ்வொரு படமும் ஏழெட்டு நிமிஷம் ஓடும். ஒரு நரி, ஒரு வாத்து. வாத்தின் முட்டையைத் திருட நரி வரும். கதவு வழியாக வந்தால் கட்டையால் அடி, ஜன்னல் வழியாக வந்தால் வாணலியால் அடி, அடுப்புப் புகைக்கூண்டு வழியாக வந்தால் பின்பக்கத்தில் தீ. இரண்டுக்கும் வாய் அசையுமே தவிர பேச்சு கிடையாது, பின்னால் பேண்டு வாத்தியம் மட்டும் அலறும். பல்லாவரத்தில் கேபிள் சேனல் நடத்திய ஒருவருக்கு, இதுகள் நம்ம ஊர் பாஷையில் பேசினால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. புருஷனும் பெண்டாட்டியுமாக டப்பிங் தொழில் செய்துகொண்டிருந்த துரைராஜையும் தையல்நாயகியையும் கூப்பிட்டார். வசனம் எழுத ஆள் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. "நீங்களே ஏதாச்சும் பேசிக்குங்க, வாய்க்குப் பொருந்தினா சரி" என்று சொல்லிவிட்டார்.

ஏதாச்சும் பேசுவதற்கு அந்த வீட்டில் பஞ்சமே இல்லை. காலையில் தண்ணீர் லாரி வந்தால் போதும்.

"லாரி வந்து நிக்கிது, பேப்பர் படிச்சிகினு கீறியே, நீ இன்னா கலெக்டரா?" என்று அவள் ஆரம்பிப்பாள்.

"கலெக்டரு வூட்ல குடம் இருக்கும். இங்க நீ ஒருத்தி அண்டா மாதிரி நிக்கிற, அது பத்தாதா?" என்பான் துரைராஜ்.

பதிலுக்குத் திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திக்கொள்வாள். "யோவ், இது நல்லாக்கீது. நரிக்கு வெச்சுக்க." அவனும் தலையாட்டுவான். சண்டை அத்தோடு நின்றுவிடும். மறுநாள் மைக் முன்னால் நரியும் வாத்தும் அதை முதலிலிருந்து முடிவுவரை போட்டுக்கொள்ளும். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இப்படியாக அந்த வீட்டில் எழுந்த எந்தச் சண்டையும் அந்த வீட்டுக்குள் முடிந்ததே இல்லை. அக்கம்பக்கத்தார் அவர்களைப் பார்த்து, கொடுத்து வைத்தவர்கள் என்றார்கள். தையல்நாயகிக்கும் அப்படித்தான் பட்டது. கோபம் வந்தால்கூட அது வேலைக்கு ஆகிறதே என்று பெருமை வேறு.

பிறகு அவளுக்கு சீரியல்களில் கதாநாயகிக்குப் பேசும் வாய்ப்பு வந்தது. துரைராஜுக்கு வந்ததெல்லாம் நாய், நரி, போலீஸ் ஜீப்பின் ஒயர்லெஸ் குரல். அவன் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. தாம்பரத்தில் அவளுடைய சித்தப்பா மகள் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, யாரோ ஒரு சொந்தக்காரர் அவனிடம், "மாப்ள, நீங்க எப்ப ஹீரோவுக்குப் பேசப் போறீங்க?" என்று கேட்டார். அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தையல்நாயகி வாத்துக் குரலில் குறுக்கே பாய்ந்துவிட்டாள்.

"அதுக்கு மனுஷக் குரல் வரணுமே. இவருக்கு வர்றதெல்லாம் நாலு காலு, ஒரு வாலு."

பந்தியே சிரித்தது. துரைராஜும் சிரித்தான். இலையை மடித்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினான். பஸ்ஸில் பேசவில்லை, வீட்டிலும் பேசவில்லை. அவன் திருப்பிக் கொடுப்பான், அதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்த தையல்நாயகிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு நல்ல சண்டை வீணாய்ப் போயிற்றே என்றுகூட நினைத்தாள். அவளுடைய புத்தி அன்றைக்கு அவ்வளவுதான் எட்டியது.

மறுநாள் ஒலிப்பதிவு. அடிபட்டுக் கட்டுப் போட்ட நரி, ஒரு குச்சியில் மூட்டையை மாட்டித் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறது. திரும்பி வாத்தைப் பார்த்து ஏதோ கேட்கிறது. வாத்து ஏதோ சொல்லிக் கதவைச் சாத்துகிறது. நரியின் வால் கதவிடுக்கில் மாட்டிக்கொள்கிறது. இதுதான் காட்சி.

டப்பிங்கில் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்கும் வழக்கம் இல்லை. கண் திரையிலேயே இருக்க வேண்டும், வாத்தின் அலகு எப்போது திறக்கும் என்று. காதில் பேண்டு வாத்தியம் ஓடிக்கொண்டிருக்கும். துரைராஜ் அவள் தோளில் இடிக்கிற தூரத்தில் நின்று, "அப்ப நான் போவட்டா?" என்றான். அலகு திறந்தது. "போ, போ, போறப்போ வாலையும் எடுத்துகினு போ" என்றாள் தையல்நாயகி. அலகு மூடியபோது பேச்சும் கச்சிதமாக முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேபிள்காரர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். ஒரே டேக்.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போன துரைராஜ் அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

சில நாள் கழித்து ஓசூரில் அவன் அண்ணன் வீட்டிலிருந்து போன் வந்தது. ரிசீவரை எடுத்த தையல்நாயகிக்கு, கூப்பிட்டது துரைராஜ்தான் என்று தெரிந்துவிட்டது. அழுதுவிடுவோமோ என்று பயந்து, அந்தப் பயத்திலேயே வாத்துக் குரலை எடுத்தாள். "இன்னா நரி, வால எடுத்துகினு போனியா?"

அந்தப் பக்கம் லேசாக ஒரு சிரிப்பு. "எடுத்துகினேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

வந்துவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். கதவைச் சாத்தினால் நரி புகைக்கூண்டு வழியாக வரும். எந்தப் படத்தில் வராமல் இருந்திருக்கிறது? தேடிக்கொண்டு போக வீம்பு விடவில்லை, வீம்பு இறங்கியபோது போவதற்கு முகம் இல்லை. விளையாட்டு வினையாகும் என்று எத்தனையோ சீரியலில் அவளே எத்தனையோ மாமியார்களுக்காகப் பேசியிருக்கிறாள். சொந்த வீட்டில் நடந்தபோது தெரியவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடின. போன வருஷம் அவன் மாரடைப்பில் போய்விட்டான் என்று செய்தி வந்து, ஓசூருக்கு ஓடினாள். அவன் அண்ணி அவளுக்கு, வந்தவர்களுக்குக் கொடுப்பது போலவே, ஒரு டம்ளர் காபி கொடுத்தாள்.

அதிலிருந்து தையல்நாயகியிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு மைக் முன்னால் கேட்டது நரியா, துரைராஜா? நரி என்றால் அவள் சொன்னது வெறும் வசனம். அவன் போனதற்கு வேறு ஏதோ காரணம் இருந்திருக்கும், பாவத்தில் பாதி அவனுக்கு. துரைராஜ் என்றால், கட்டின புருஷன் போகட்டுமா என்று கேட்டதற்கு வாலையும் எடுத்துக்கொண்டு போ என்று சொன்னவள் அவள். நரிதான், நரிதான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் செல்போனில் யாராவது அந்த வாசல் காட்சி வீடியோத் துண்டை அனுப்பினால், திறந்து பார்க்க மட்டும் கை வராது.

இந்த நேரத்தில்தான் முகிலன் போன் செய்தான். பல்லாவரத்தில் சின்னதாக ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருப்பவன்.

"மேடம், உங்க நரி வாத்து கார்ட்டூனை ஒரு கம்பெனி ஆப்ல போடறாங்க. பழைய டேப்ல சவுண்ட் ரொம்ப மோசம். சாஃப்ட்வேர்ல போட்டு வாய்ஸை மட்டும் தனியா பிரிச்சிருக்கோம். சாரோடது சூப்பரா வந்திருக்கு. உங்களோடது மட்டும் அந்த டிரம்பெட் சத்தத்துல மாட்டி உடைஞ்சுடுச்சு. நீங்க வந்து உங்க போர்ஷன் மட்டும் திரும்பப் பேசிக் கொடுத்துட்டா போதும்."

"எந்தப் படம்பா?"

"வால் படம்தான் மேடம். வேற எது?"

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் சார் குரல் தனியாக வந்திருக்கிறது என்கிறானே. வாத்தியம் இல்லாமல், வாத்து இல்லாமல், துரைராஜ் மட்டும். கேட்டால் தெரிந்துபோகும், நரியா, அவனா என்று. "என்னைக்கு வரணும்?" என்று கேட்டாள்.

போனது வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தை சாலையை அடைத்துக்கொண்டு கிடந்ததால் ஷேர் ஆட்டோ பாதியிலேயே இறக்கிவிட்டது. பழைய மிக்ஸி, கைப்பிடி போன வாணலி, ரோஜாச் செடி, கூண்டில் லவ் பேர்ட்ஸ் என்று எல்லாவற்றையும் தாண்டி நடந்தாள். ஒரு காலத்தில் ஒலிப்பதிவு முடிந்ததும் இருவரும் இந்தச் சந்தைக்குள் நுழைந்து, வாங்காத பொருளுக்கெல்லாம் பேரம் பேசிவிட்டு வருவார்கள். அவன் நரிக் குரலில் விலை கேட்பான், கடைக்காரர் சிரித்துக் குறைப்பார். அப்போது அவனை எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அவள் அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

முகிலனின் ஒலிப்பதிவுக்கூடம் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. தாடி வைத்த, மரியாதை தெரிந்த ஆள். கம்பெனியிலிருந்து வினிதா என்று ஒரு பெண்ணும் வந்திருந்தாள். "ஸ்கூல்ல நாங்க இதே டயலாக்தான் பேசிட்டு இருப்போம் மேடம்" என்று சொல்லி ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.

ஹெட்போனை மாட்டியதும் தையல்நாயகி, "தம்பி, முதல்ல அவரு குரலை மட்டும் போடுறியா?" என்று கேட்டாள்.

முகிலன் போட்டான். முன்பாதி முழுக்க நரிதான். மூக்கால் பேசுகிற, சளி பிடித்த, சந்தையில் விலை கேட்கிற அதே நரி. "இன்னா வாத்தம்மா, வூட்ல தனியா கீறியா?" தையல்நாயகி தன்னை மறந்து சிரித்தாள். கட்டையடி வாங்கியது நரி, வாணலியடி வாங்கியது நரி, தீப்பிடித்துக் கத்தியதும் நரி. அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. இப்படியே வாசல் வரைக்கும் நரியாகவே போய்விட்டால், அவள் செத்தால்கூட நிம்மதியாகச் சாவாள்.

திரையில் நரி மூட்டையோடு திரும்பிப் பார்த்தது.

"அப்ப நான் போவட்டா?"

மூக்கு இல்லை, சளி இல்லை. துரைராஜ்.

காய்ச்சலில் படுத்திருக்கும்போது தண்ணீர் கேட்பானே, அந்தக் குரல். வாத்தியத்தின் அலறலில் இத்தனை வருஷமாய் ஊரே நரி என்று நினைத்துக்கொண்ட குரல். மனுஷக் குரல் வராது என்று அவள் பந்தியில் சொன்னாளே, அவனுக்கு வந்திருக்கிறது. வந்த ஒரே தடவை, வசதியாக அவளிடமே வந்திருக்கிறது.

அதோடு முடியவும் இல்லை. ஒரு மூச்சு இழுக்கும் நேரத்துக்குப் பிறகு, இன்னும் சின்னதாக ஒன்று கேட்டது.

"ம்?"

தையல்நாயகி மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அது இன்னா தம்பி? கடைசில."

"எது மேடம்? ஓ, அதுவா." முகிலன் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான். ம்? "ஆமா, ஏதோ இருக்கு. பழைய டேப்ல உங்க டயலாக் அது மேலேயே வந்துடுது, அதான் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனா பாருங்க, நரி வாய் மூடிட்டுத்தான் இருக்கு. லிப்பே இல்ல. எக்ஸ்ட்ரா சவுண்டு. தூக்கிடறேன்."

நரியின் வாய் மூடியிருந்தது. இதைவிடச் சாட்சி வேறு வேண்டியதில்லை. டப்பிங்காரன் வாய் மூடிய மிருகத்துக்குப் பேச மாட்டான். துரைராஜ் அந்தத் தொழிலில் ஒரு நாளும் தப்புப் பண்ணாதவன். நரி கேட்டு முடித்துவிட்டது. அதற்கு மேலே கேட்டது அவன். பதிலுக்குக் காத்திருந்து, இன்னொரு முறையும் கேட்டிருக்கிறான். அவள் அலகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்காத தம்பி" என்றாள்.

"இல்ல மேடம், கிளையண்ட் கேட்டா..."

"இருக்கட்டும்பா. உனக்குப் புண்ணியமா போவும்."

முகிலன் வினிதாவைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள். "சரி, இருக்கட்டும். ரெடியா மேடம்? நேரா வாசல் சீனே போகலாம்" என்றான் முகிலன்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பது ஊருக்குச் சொன்னது. டப்பிங்காரர்களுக்கு அது செல்லாது. ஒன் மோர் என்று சொன்னால் போதும், கொட்டியதை அள்ளிவிட்டு வேறு கொட்டலாம். தையல்நாயகி தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் சொல்லை அப்படி அள்ளியிருப்பாள். அள்ள வேண்டிய ஒன்று ஒரே டேக்கில் ஓகே ஆகிவிட்டது, அதுதான் விதி. இன்றைக்கு அதே காட்சி, அதே கேள்வி, அதே அலகு. கேட்டவன்கூடக் காதுக்குள் நிற்கிறான்.

படம் ஓடியது. "அப்ப நான் போவட்டா?" என்றான் துரைராஜ்.

"போவாதய்யா" என்றாள் தையல்நாயகி. "உள்ள வா."

வாத்துக் குரலில் இல்லை. திரையில் வாத்து இன்னும் அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது, அதற்குப் பேச்சு இல்லை. கதவைச் சாத்தியது. வால் மாட்டிக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை.

முகிலன் மெதுவாகப் பேசினான். "மேடம், லைன் அது இல்லையே. லிப் ஓடிட்டே இருக்கு, பேச்சு பாதிலயே நின்னுடுச்சு. அதோட, உள்ள வான்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்தினா..."

"எனக்கும் தெரியுது தம்பி."

"மக்கள் அந்த டயலாக்குக்காகத்தான் மேடம் பார்ப்பாங்க" என்றாள் வினிதா, மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "பழசு மாதிரியே வந்துட்டா நல்லா இருக்கும்."

தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கியது. முகிலன் கையை உயர்த்தினான், பொறுங்கள் என்று. பல்லாவரத்தில் ஒலிப்பதிவு என்றால் இது வழக்கம்தான். மீனம்பாக்கத்துக்குப் போகிறவர்கள் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டும். அந்த இரைச்சல் அடங்குகிற வரைக்கும் தையல்நாயகி மைக் முன்னால் அசையாமல் நின்றாள். இந்தப் படம் அப்படித்தான் வரையப்பட்டிருக்கிறது. யாரோ முகம் தெரியாத வெள்ளைக்காரன் எப்போதோ வரைந்துவிட்டான், கதவு சாத்தும், வால் மாட்டும். நரிக்கு அது பெரிசில்லை, அடுத்த நிமிஷம் புகைக்கூண்டு வழியாக வந்துவிடும். துரைராஜ் அந்த வரிசையில் சேர்ந்தவன் இல்லை. அவள்தான் அவனை அதில் சேர்த்துவைத்துக் காத்திருந்தாள்.

"தம்பி, இப்ப பேசுனேனே, அதை எனக்கு அனுப்ப முடியுமா? வாட்ஸ்அப்ல."

"எது, அந்த சரியா வராத என்ஜி டேக்கா? அது மேலதான் மேடம் அடுத்த டேக் போறதுக்கு ரெடி பண்ணேன். அழிச்சாச்சே." அவள் முகத்தைப் பார்த்து அவனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "ஏன் மேடம், வேணுமா? திரும்பப் பேசறீங்களா?"

"வேணாம்பா. போட்டும்."

விமானம் போய்விட்டது. முகிலன் கையை இறக்கினான். நரி மூட்டையோடு திரும்பியது. "அப்ப நான் போவட்டா?" அலகு திறந்தது. தையல்நாயகி மூக்கைச் சுருக்கினாள்.

"போ, போ, போறப்போ வாலையும் எடுத்துகினு போ."

வினிதா கைதட்டிவிட்டாள். முகிலன் சிரித்துக்கொண்டே நாற்காலியைச் சுழற்றினான். "குரல் அப்படியே இருக்கு மேடம். ஒரு பிளேபேக் பார்த்துடலாம்."

இரண்டு குரலையும் சேர்த்துப் போட்டான். தையல்நாயகி இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். திரையைப் பார்க்கப் போவதில்லை, இந்த முறை பக்கத்தில் நிற்பவன் சொல்வதைக் கேட்கப் போகிறாள். போவட்டா என்று கேட்டான். அடுத்து வர வேண்டியதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வந்தது அவளுடைய குரல்தான்.

"தம்பி, அந்த 'ம்' கேட்கலியே. எடுத்துட்டியா?"

"இல்ல மேடம், நீங்க சொன்னீங்கன்னு விட்டேன். உள்ளதான் இருக்கு" என்றான் முகிலன். "உங்க டயலாக் கரெக்டா அது மேல உட்கார்ந்துடுச்சு. அன்னைக்கு மாதிரியே."